பபூன் சொன்ன சேதி



போன வாரம் தம்பி மகன் திருச்சியிலேர்ந்து லீவுக்கு வந்திருந்தான். காலேஜ் படிக்கிறான். ராத்திரி சாப்பாட்டு நேரத்துல டிவியில செய்தி ஓடிக்கிட்டிருந்துச்சு. "இதையெல்லாம் யாரு பெரியப்பா பார்ப்பா? நாங்க எல்லாத்தையும் காமெடி சேனல்லயே தெரிஞ்சுக்குவோம்" அப்படின்னான். அவன் பெரியம்மா, "சிரிக்கிறதுக்குப் பேரு செய்தியாடா?"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க.

நான் வாயே தொறக்கலை. அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் முதல்முதலா நாட்டு நடப்பு கேட்டதே ஒரு பபூன்கிட்டதான். அதேபோல ஒரு வருஷம் சிரிப்பையே செய்தின்னு நம்பி உட்கார்ந்து, ஒன்பது மா நிலத்துக்கு நஷ்டமும் பட்டேன். ரெண்டையும் சொல்லிடுறேன்.

எங்க கூத்தாநல்லூர் பேர்லயே கூத்து இருக்கு. நான் சின்னப் பையனா இருந்தப்ப அறுவடை முடிஞ்சு கோயில் திருவிழான்னா பக்கத்துக் கிராமத்துல வள்ளி திருமணம் நாடகம் போடுவாங்க. அறுத்த வயல்லயே சாக்கை விரிச்சு உட்காருவோம். முருகனும் வள்ளியும் வர நடுராத்திரி ஆயிடும். அதுக்கு முன்னாடி பபூன் வருவார். அவர் சாயங்காலமே ஊருக்குள்ள வந்து டீக்கடையில உட்கார்ந்து எல்லாக் கதையையும் வாங்கி வச்சிருப்பார். எந்த வாய்க்கால் தூர் வாராம கிடக்கு, ரேஷன் கடையில எடை எப்படிப் போடுறாங்க, யாரு பொதுப்பணத்துல கணக்குக் காட்டலை, அத்தனையும் ராத்திரி மேடையில வரும். பேர் சொல்ல மாட்டார். ஆனா எல்லாருக்கும் தெரியும். முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற அந்த ஆளே சிரிச்சுத்தான் ஆகணும். கோபப்பட்டா, நான்தான் அதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே.

எங்க அப்பாவுக்குப் படிப்பு கிடையாது. பேப்பர் படிக்கத் தெரியாது. பபூன்தான் அவருக்குப் பேப்பர். வடக்கே ஆற்காட்டுப் பக்கம் தெருக்கூத்துல கட்டியங்காரன் செய்யறதும் இதே வேலைதான். ராஜா வேஷக்காரனுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே ராஜாவைக் கிண்டல் பண்ணுவான்.

இது வெறும் ஊர்க்கதையோட நின்னதில்லை. வெள்ளைக்காரன் காலத்துல விஸ்வநாததாஸ்னு ஒரு பெரிய நாடக நடிகர் இருந்தார். சிவகாசியில 1886-ல பிறந்தவர். வள்ளி திருமணத்துல தினைப்புனத்துல பறவை விரட்டுற கட்டம் வரும் இல்லையா, அந்த இடத்துல வெள்ளைக் கொக்கைப் பாடுற மாதிரி வெள்ளைக்காரனைப் பாடிடுவார். கொக்கு எவ்வளவு தூரத்துலேர்ந்து வருது, நம்ம குளத்து மீனை எப்படிக் கொத்திக்கிட்டுப் போகுதுங்கற கதை நாத்தங்கால் பக்கம் நிக்கிற எவனுக்கும் சட்டுன்னு புரியும். சுதந்திரப் போராட்டச் செய்தி இப்படித்தான் படிக்காத ஜனங்ககிட்ட போய்ச் சேர்ந்துச்சு. போலீஸ் வேஷத்தோடயே அவரைக் கைது பண்ணும். எத்தனையோ தடவை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்னிக்குச் சென்னையில முருகன் வேஷத்துல மயில்மேல உட்கார்ந்து பாடும்போதே மேடையில உயிர் போச்சு.

சுதந்திரம் வந்த பிறகும் இந்த வேலை நிக்கலை. எம்.ஆர்.ராதா அண்ணன் நாடகம்னா, எழுதி வச்ச வசனம் பாதி, அன்னிக்கு நாட்டுல நடந்தது பாதி. அதனாலதான் ஒரே நாடகத்தை ஜனங்க திரும்பத் திரும்பப் பார்த்தாங்க. இன்னிக்கு என்ன சொல்லப் போறாரோன்னு ஒரு ஆவல். ரத்தக்கண்ணீர் படம் 1954-ல வந்துச்சு. அதே 1954-ல நாடகங்களைக் கட்டுப்படுத்த சென்னை மாகாணத்துல தனியா ஒரு சட்டமும் வந்துச்சு. அவர் ராமாயணத்தைக் கிண்டல் பண்ணிப் போட்ட நாடகத்துக்குத் தடையும் வந்துச்சு. அந்தக் கிண்டல் பிடிக்குமா பிடிக்காதாங்கறது அவங்கவங்க மனசு. ஆனா வெறும் சிரிப்புக்கு யாரும் சட்டம் போட மாட்டாங்கங்கறதை மட்டும் கவனிச்சுக்குங்க.

அப்புறம் சோ. 1968-ல முகம்மது பின் துக்ளக் நாடகம், 1971-ல படம். நடுவுல 1970 பொங்கல் அன்னிக்கு, ஜனவரி 14, துக்ளக் பத்திரிகை. முதல் இதழ் அட்டையில ரெண்டு கழுதை பேசிக்கிட்டிருக்கும். எங்க ஊர்ல ஒரு பாய் டீக்கடைக்கு அது வரும். ஒருத்தர் சத்தமா படிக்க, பத்துப் பேர் கேட்பாங்க. அவர் கட்சி பிடிக்காதவங்களும் கேள்வி பதில் பக்கத்தைக் கேட்காம எழுந்து போக மாட்டாங்க.

எங்க ஊரைச் சின்ன சிங்கப்பூர்னு சொல்லுவாங்க. வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர், மலேசியான்னு சபர் போயிருப்பாங்க. அவங்க கொண்டுவந்த டேப்ரிக்கார்டர்தான் எண்பதுகள்ல எங்களுக்குத் தியேட்டர். எஸ்.வி.சேகர் நாடகக் கேசட் போட்டா தெருவே சிரிக்கும். அந்த ஜோக்குல எல்லாம் அரசியல் இருக்கும். மெட்ராஸ்ல எந்த மந்திரி என்ன செஞ்சார்னு எங்களுக்கு அதுலேர்ந்துதான் பாதி தெரியும். ரேடியோவுல மாநிலச் செய்தி கேட்டாலும் இந்த மாதிரி விஷயம் அதுல வராதே.

1987-ல ஒண்ணு நடந்துச்சு. ஆனந்த விகடன் அட்டையில எம்.எல்.ஏ., மந்திரிங்களைப் பத்தி ஒரு ஜோக் போட்டாங்க. சட்டசபைக்குக் கோபம் வந்து, ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூணு மாசம் ஜெயில்னு தீர்மானம் போட்டுட்டாங்க. நாடே கொதிச்சதும் சில நாள்லயே விட்டுட்டாங்க. அவர் விடலை, கோர்ட்டுக்குப் போனார். 1994-ல ஐகோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லுச்சு. அந்த அட்டையைப் பார்க்காதவன்கூட, அப்படி என்னதான் ஜோக்குன்னு தேடிப் பார்த்தான். 2015-ல டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடின கோவன் மேல தேசத்துரோக வழக்குப் போட்டப்பவும் இதேதான். பாட்டுக் கேட்காதவனும் கேட்டான்.

டிவி வந்த பிறகு பபூன் அங்கே போயிட்டார். விஜய் டிவியில லொள்ளு சபா, கலக்கப் போவது யாரு, அப்புறம் மத்த சேனல்லயும் அதே மாதிரி. ஆனா அங்கே சினிமாவைத்தான் அதிகமா கிண்டல் பண்ணுவாங்க. அரசியல்வாதி குரல்ல மிமிக்ரி பண்ணினாலும் குரலோட நிறுத்திக்குவாங்க. டீக்கடையில உட்கார்ந்து ஊர்க்கதை வாங்குற வேலை டிவி பபூனுக்கு இல்லை. அந்த வேலையைத் திரும்ப ஆரம்பிச்சது யூடியூப் பசங்கதான். கோபி, சுதாகர் பரிதாபங்கள், கோயம்புத்தூர் நக்கலைட்ஸ் இவங்க எல்லாம். வடிவேலு படத்தை வச்சு மீம் போடுறவங்க தனி.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். ஜான் ஸ்டுவர்ட்னு ஒருத்தர் 1999-லேர்ந்து செய்தி வாசிக்கிற மாதிரியே உட்கார்ந்து கிண்டல் பண்ணுவார். 2004-ல பியூ ஆய்வு மையம் கணக்கெடுத்தப்ப, 18 வயசுலேர்ந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 21 சதவீதம் பேர், தேர்தல் செய்தியை இப்படிப்பட்ட காமெடி நிகழ்ச்சியிலதான் வழக்கமா தெரிஞ்சுக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. தம்பி மகனுக்கு அங்கேயும் சொந்தக்காரங்க இருக்காங்க.

இனி என் நஷ்டக் கதை.

2016 செப்டம்பர்ல ஜியோ சிம் வந்துச்சு. நெட் இலவசம். பையன் ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். அதுவரைக்கும் தினம் பேப்பர் வாங்குவேன். போன்லயே எல்லாம் வருதேன்னு நிறுத்திட்டேன். நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாதுன்னு அறிவிச்சாங்க. அப்புறம் ரெண்டு மாசம் போனைத் திறந்தாலே சிரிப்புதான். புது 2000 ரூபாய் நோட்டுக்குள்ள சிப் இருக்குன்னு வடக்கே செய்தி சேனல்லயே சொன்னாங்க. அந்தப் பொய்யைக் கிழிச்சது காமெடி வீடியோ போடுற பசங்கதான். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் நம்பிக்கை கூடிப்போச்சு. இவங்கதான் உண்மையைச் சொல்றாங்க, இனி வேற எதுவும் வேண்டாம்னு முடிவே பண்ணிட்டேன்.

அந்த வருஷம் குறுவை கிடையாது. மேட்டூர் திறந்ததே செப்டம்பர் 20. நேரடி விதைப்புல சம்பா போட்டிருந்தேன். வடகிழக்குப் பருவமழை ஏமாத்திடுச்சு, சராசரியைவிட 62 சதவீதம் குறைச்சல். பிரதமர் பயிர்க் காப்பீடு அந்த வருஷம்தான் புதுசா வந்துச்சு. நாம கட்ட வேண்டிய பங்கு கொஞ்சம்தான், மீதியை மத்திய மாநில அரசுங்க கட்டும். சொசைட்டியில பயிர்க்கடன் வாங்கினவங்களுக்கு அப்பல்லாம் அங்கேயே பிடிச்சுக்கிட்டாங்க. கடன் வாங்காதவன் தானே சிட்டா, அடங்கல் எல்லாம் எடுத்துக்கிட்டுப் போய்ப் பதியணும். நான் அந்த வருஷம் கடன் வாங்கலை. கடைசித் தேதி பேப்பர்ல வந்திருக்கு, ஊராட்சி ஆபீஸ் பலகையில ஒட்டியிருக்காங்க. எந்த வீடியோவுலயும் வரலை. எப்படி வரும்? காப்பீட்டுக் கடைசித் தேதியில சிரிக்க என்ன இருக்கு?

என் மச்சான் பேப்பர் படிக்கிறவர், பதிஞ்சுட்டார். அவர் வயலும் என் வயலும் ஒரே வாய்க்கால் பாசனம், ஒரே மாதிரி கருகுச்சு. அவருக்குக் காப்பீட்டுப் பணம் மறுவருஷம் வங்கியில ஏறுச்சு. எனக்கு, 2017 ஜனவரி 10-ல எல்லா மாவட்டமும் வறட்சின்னு அறிவிச்சு ஏக்கருக்கு 5,465 ரூபாய் கொடுத்தாங்களே, அது மட்டும்தான். உழவுக்கூலிக்கும் விதைநெல்லுக்குமே பத்தலை. என் சம்சாரம் காதுல கிடந்தது பேங்குக்குப் போச்சு. மீட்க மூணு வருஷம் ஆச்சு.

அதே 2017-ல இன்னொண்ணு. ஏப்ரல் 21 அன்னிக்கு வைகை அணையில தண்ணி ஆவியாகாம இருக்க தெர்மாகோல் விரிச்சார் அமைச்சர் செல்லூர் ராஜு. காத்து அடிச்சு அத்தனையும் கரைக்கு வந்துடுச்சு. நாடே சிரிச்சுது, நானும் வயிறு வலிக்கச் சிரிச்சேன். தண்ணியை மூடி வச்சா ஆவியாகறது குறையுங்கறது பொய்யில்லை. 2015-ல அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கத்துல 9.6 கோடி கறுப்பு பிளாஸ்டிக் பந்து விட்டாங்க. காத்துல பறக்காம இருக்க உள்ளே தண்ணி வச்ச பந்து. நம்ம ஆளுங்க விட்டது எடையே இல்லாத அட்டை. இது ரொம்ப நாள் கழிச்சுப் பேப்பர்ல படிச்சுத்தான் எனக்குத் தெரியும்.

அதைவிட இது முக்கியம். அந்த வாரம் டெல்லி ஜந்தர் மந்தர்ல அய்யாக்கண்ணு தலைமையில நம்ம விவசாயிங்க உட்கார்ந்திருந்தாங்க. மார்ச் 14-ல ஆரம்பிச்சு 41 நாள். மண்டை ஓட்டை வச்சுக்கிட்டு, எலியை வாயில கவ்விக்கிட்டு, ஒரு நாள் சிறுநீரையே குடிச்சுக் காட்டினாங்க. எதுக்கு? சும்மா உட்கார்ந்து கடன் தள்ளுபடி வேணும், காவிரித் தண்ணி வேணும்னு கேட்டா எந்தக் கேமராவும் திரும்பாது. வேஷம் கட்டினாத்தான் செய்தின்னு ஆயிப்போச்சு. பபூன் வேஷம் கட்டி நம்ம கஷ்டத்தைச் சொன்னது ஒரு காலம். இப்ப கஷ்டப்படுறவனே வேஷம் கட்டணும். ஏப்ரல் 23-ல போராட்டத்தைத் தள்ளி வச்சாங்க. அன்னிக்கு என் போன்ல வந்த வீடியோவுல பத்துக்கு எட்டு தெர்மாகோல்தான். டெல்லி ஒண்ணோ ரெண்டோ. நான் அந்த எட்டையும் மத்தவங்களுக்கு அனுப்பினேன். அந்த ரெண்டை அனுப்பலை. இதைச் சொல்ல இப்பவும் எனக்கு வெட்கமாத்தான் இருக்கு.

இதை எல்லாம் தம்பி மகன்கிட்ட சொன்னேன். பபூனைக் கேட்காதேன்னு சொல்லலை. பயந்தவன் சொல்லாததை அவன்தான் சொல்லுவான். விஸ்வநாததாஸ் இல்லாம எங்க தாத்தா தலைமுறைக்குச் சுதந்திரம்னா என்னன்னே தெரிஞ்சிருக்காது. ஆனா பபூன் சிரிப்பு வர்றதை மட்டும்தான் எடுப்பான், அது அவன் தொழில். 2018 பிப்ரவரி 16-ல சுப்ரீம் கோர்ட் காவிரித் தீர்ப்பு வந்துச்சு. நமக்கு 192 டி.எம்.சி.யா இருந்ததை 177.25 ஆக்கிட்டாங்க. 14.75 டி.எம்.சி. போச்சு. அதுல ஜோக் ஒண்ணும் இல்லை. மேட்டூர் நீர்மட்டத்துலயும் இல்லை, காப்பீட்டுத் தேதியிலயும் இல்லை. நம்ம சோறு அதுலதான் இருக்கு.

எங்க அப்பா நாடகம் பார்த்துட்டு வந்த மறுநாள் காலையில மண்வெட்டியோட கிளம்பிடுவார். பபூன் சொன்ன வாய்க்கால் நிஜமாவே அடைச்சுக் கிடக்கான்னு நடந்து போய்ப் பார்ப்பார். ராத்திரி சிரிச்சதை அவர் காலையில சரிபார்த்துக்கிட்டார். நான் அந்தப் பாதியை விட்டுட்டேன்.

இப்ப மறுபடியும் பேப்பர் வாங்குறேன். முதல்ல மேட்டூர் எத்தனை அடின்னு பார்ப்பேன், அப்புறம்தான் போன். தம்பி மகன் ஊருக்குக் கிளம்புறப்ப ஒரு வீடியோவைக் காட்டி, "இது நிஜமா பெரியப்பா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க"ன்னான். ரெண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். பாதி நிஜம், பாதி மசாலா. பஸ் ஒண்ணு போயிடுச்சு. அடுத்த பஸ்ல ஏத்திவிட்டேன்.

உங்க ஊர் நாடகத்துல பபூன் சொன்ன சேதி ஏதாவது ஞாபகம் இருந்தா எழுதுங்க. நாளைக்கு நடவு ஆள் வர்றாங்க, விடியக்காலை மடை திறக்கணும். வர்றேன்.