ஆளில்லாத டிரைவர்கள்

இன்டெல் நிறுவனத்தின் இட்டானியம் செயலி 2001-இல் சந்தைக்கு வந்தது. கடைசி இட்டானியம் 2021-இல் தொழிற்சாலையை விட்டுப் போனது. மூன்று ஆண்டு முடிவதற்குள், 2024 ஜனவரியில் வெளியான, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 6.7 பதிப்பு, அதற்கான நிரலை அடியோடு கைவிட்டது. மோட்டரோலாவின் 68000 குடும்பம் பிறந்தது 1979-இல். அமிகா, அட்டாரி கணினிகளோடு அதன் காலமும் முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதற்கான நிரல் இன்றும் கெர்னலில் உயிரோடு இருக்கிறது. போதாததற்கு 1996-இல் வந்த நின்டெண்டோ 64 என்ற விளையாட்டுப் பெட்டிக்கு 2021-இல், கெர்னல் 5.12-இல், புதிதாக ஆதரவு சேர்த்தார்கள். பழைய நிரலைக் களையெடுப்பது என்றால் வயதானதைத் தூக்கியெறிவது என்று பொதுவாக நம்பப்படுகிறது. லினக்ஸின் முப்பதாண்டுக் கணக்கைப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. ஒரு சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் தங்குவதையும் போவதையும் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தச் சாதனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்றம் வரும்போதெல்லாம் ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான்.

இதற்கான காரணம் லினக்ஸ் கட்டப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. அச்சுப்பொறிக்கும் நெட்வொர்க் அட்டைக்குமான டிரைவர்களைத் தனித்தனி நிறுவனங்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளும் வழக்கம் வேறு இயங்குதளங்களில் உண்டு. லினக்ஸில் அவை கெர்னலின் மூலநிரலோடு ஒரே மரத்தில் இருக்கின்றன. அந்த மரத்தில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான். கெர்னலுக்கு உள்ளே ஒரு ஃபங்ஷனின் வடிவத்தை மாற்றுகிறவர், அதை அழைக்கும் எல்லா டிரைவர்களையும் தாமே திருத்தித் தரவேண்டும் என்பது அங்கே நடைமுறை. நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒரே மாதிரித் திருத்தம் செய்வது மனிதரால் ஆகிற காரியமில்லை என்றே ஜூலியா லாவலும் சகாக்களும் காக்சினெல் என்ற கருவியை உருவாக்கினார்கள். கருவி திருத்திவிடும், கம்பைலரும் குறை சொல்லாது. ஆனால் 1993-ஆம் ஆண்டின் ஓர் அட்டைக்கான டிரைவர் அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் வேலை செய்கிறதா என்பதை அந்த அட்டையைச் செருகிப் பார்த்தால்தான் தெரியும். கெர்னலோடு வரும் பராமரிப்பாளர் பட்டியல் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயரையும் ஒரு நிலையையும் சொல்கிறது; 'அநாதை' என்பதும் அந்த நிலைகளில் ஒன்று. பட்டாவில் பெயர் இருந்தும் உழவு நடக்காத நிலம் போல, பெயர் மட்டும் மிஞ்சிய பகுதிகளும் அதில் எப்போதும் உண்டு.

ஆளில்லாவிட்டால் புகழும் காப்பாற்றாது. 2008-இல் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன், தரம் குறைந்த டிரைவர்கள் திருந்தும் வரை தங்க 'ஸ்டேஜிங்' என்ற தனி அடைவை ஏற்படுத்தினார். கூகுளின் ஆண்ட்ராய்டுக்கான நிரல்கள் அங்கே வந்தன. அவற்றைத் திருத்த யாரும் முன்வரவில்லை. 2010 தொடக்கத்தில் வெளியான 2.6.33-இல் அவை நீக்கப்பட்டன. ஆண்ட்ராய்டு தொலைபேசிகள் உலகெங்கும் பரவத் தொடங்கியிருந்த நேரம் அது! 2012-இல், 3.3-இல், கவனிக்க ஆள் கிடைத்த பிறகு அவை திரும்பி வந்தன. 2009-இல் மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஹைப்பர்-வி டிரைவர்களுக்கும், சுமார் 20,000 வரிகள், கொடுத்தவர்கள் கவனிக்காவிட்டால் நீக்கிவிடுவோம் என்ற எச்சரிக்கை அதே ஆண்டில் போனது. அவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

பழைய டிரைவர் ஒரு மூலையில் கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம், அந்தச் சாதனம் இல்லாதவரின் கணினியில் அது ஏறப்போவதுகூட இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2001-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆண்டி சௌவும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு, கெர்னலின் மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் மூன்று முதல் ஏழு மடங்கு வரை அதிகம் என்றது. களையெடுப்புக்கு ஆதாரமாக அதைக் காட்டுவது வழக்கம். ஆனால் பத்தாண்டு கழித்து அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தவர்கள், டிரைவர்கள் நன்றாகத் தேறிவிட்டன, இப்போது வேறு பகுதிகளே மோசம் என்று கண்டார்கள். ஆகவே 'டிரைவர் என்றாலே ஓட்டை' என்ற வாதத்தை நான் எடுக்க மாட்டேன். ஃபிளாப்பி டிரைவரின் கதையே போதும்.

அந்த டிரைவர் கோப்பின் தலைப்பில் 1991, 1992 என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரில் பதிப்புரிமை வரி இருக்கிறது. கீழே 1991 டிசம்பர் தேதியிட்ட மாற்றக் குறிப்புகள்கூட இன்னும் அழியாமல் இருக்கின்றன. 2016-இல் ஒரு தானியங்கிச் சோதனைக் கருவி அதில் ஒரு குறையைக் கண்டுபிடித்தது: காத்திருக்காமல் திறக்கச் சொல்லும் ஃபிளாக்கோடு ஃபிளாப்பியைத் திறந்தால் கெர்னல் முடிவில்லாத காத்திருப்பில் மாட்டிக்கொள்ள முடியும். திருத்தினார்கள். உண்மையான ஃபிளாப்பி வைத்திருந்தவர்களின் நிரல்கள் அந்த ஃபிளாக்கை நம்பியே இருந்ததால் அவை உடைந்தன. திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. 2021-இல் அதே திருத்தத்தை மீண்டும் சேர்த்தார்கள். மீண்டும் புகார், மீண்டும் திரும்பப் பெற்றார்கள். திருத்தியவர்கள் திறமைசாலிகள்தான். சோதிக்கப் போதுமான சாதனங்களும், இந்த வழக்கங்களை அறிந்த ஆட்களும் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். இடையில் 2019-இல் அந்த டிரைவர் அநாதை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. மெய்யான ஃபிளாப்பி கிடைப்பதே அரிது, விற்கிற யுஎஸ்பி ஃபிளாப்பிகளுக்கு இந்த டிரைவர் தேவையில்லை, மெய்நிகர் கணினிகளில்தான் புழங்குகிறது என்பது டோர்வால்ட்ஸ் அப்போது சொன்ன காரணம். அந்த மெய்நிகர் புழக்கமும் ஆபத்தில்லாததல்ல. 2015-இல் வெளிப்பட்ட வெனம் என்ற ஓட்டை, க்யூஎமு மென்பொருள் பாவனை செய்யும் ஃபிளாப்பி கன்ட்ரோலரில் 2004 முதல் இருந்தது. உள்ளே இருப்பவர் மெய்நிகர் கணினியை உடைத்து வெளியே வர அது வழி தந்தது, ஃபிளாப்பி வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும்கூட. மூலையில் கிடக்கும் நிரல் சும்மா கிடப்பதில்லை.

உள் இடைமுகத்தை நிலையாக வைத்துவிட்டால் பழைய டிரைவர்களைத் தொடவே வேண்டாமே என்பது இன்னொரு வாதம். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலையாக வைத்தால் பழைய தவறும் நிலைத்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளை ஆதரிக்க 1996-இல், 2.0-இல், கெர்னல் முழுவதற்கும் ஒற்றைப் பெரும் பூட்டு போட்டார்கள். ஒரு செயலி உள்ளே வேலை செய்தால் மற்றவை வாசலில் நிற்கவேண்டியதுதான். அதை முழுதாக அகற்ற 2011 வரை ஆயிற்று. கெர்னல் நிரலாளர் ஆர்ண்ட் பெர்க்மன் கடைசிக் கட்டத்தில் மல்லுக்கட்டியது, யாரும் எட்டிப் பார்க்காத பழைய மூலைகளில் மிஞ்சியிருந்த பூட்டுகளோடுதான். அந்த மூலைகளில் சில திருந்தின, சில ஸ்டேஜிங்குக்குத் தள்ளப்பட்டு அங்கிருந்தே வெளியேறின.

என் வாதத்துக்கு முழுதாக அடங்காத ஒரு வழக்கும் உண்டு. லினக்ஸ் பிறந்ததே இன்டெல் 386 கணினியில். அந்த 386-க்கான ஆதரவை 2012 டிசம்பரில் நீக்கினார்கள், 2013-இல் வந்த 3.8-க்காக. வைத்திருந்தவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள். ஆனால் கெர்னல் நிலையில் இயங்கும்போது நினைவகத்தின் எழுதத் தடை 386-இல் செல்லாது. பின்னாளின் அணு நிலைக் கட்டளைகள் சிலவும் அதில் கிடையாது. அதன் குறைகளுக்கான மாற்று ஏற்பாடுகள் தனிக் கோப்பில் ஒதுங்கியிருக்காமல் எல்லோருக்கும் பொதுவான நிரலுக்குள் பரவியிருந்தன. ஓர் ஆள் பார்த்துக்கொண்டால் போதும் என்ற விதி, செலவு அவர் எல்லைக்குள் நிற்கும் வரையில்தான் செல்லும்.

பழைய கணினிகளை நம்பியிருப்பவர்களுக்கு இதெல்லாம் அநீதியல்லவா என்பதற்கு, நீக்கப்பட்ட நிரல், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றில் இருக்கிறது, பழைய கெர்னலை ஓட்டலாம் என்று பதில் சொல்வார்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத கெர்னலை ஓட்டச் சொல்வது அரைப் பதில். பழைய ஐடிஇ டிஸ்க் டிரைவர்கள் போன விதம் அதைவிட நல்ல பதில். அவற்றுக்கு மாற்றான லிப்ஏடிஏ 2003 வாக்கிலேயே வந்துவிட்டது. 2007 வாக்கில் விநியோகங்கள் மாறத் தொடங்கியபோது எச்டிஏ என்றிருந்த டிஸ்க் எஸ்டிஏ ஆகி, பலருடைய கணினி பூட் ஆகாமல் நின்றது. அப்படியும் பழையதை உடனே எடுக்கவில்லை. அட்டாரி ஃபால்கனும் அமிகாவும் இன்னும் அதைத்தான் பயன்படுத்தின. அவற்றுக்கு ஒவ்வொன்றாக லிப்ஏடிஏ டிரைவர் எழுதப்பட்டது; 68000 குடும்பத்தைக் கவனிக்கும் தன்னார்வலர்கள் தங்கள் இயந்திரங்களில் ஓட்டிப் பார்த்துச் சரி என்றார்கள். அதன் பிறகு, 2021-இல், 5.14-இல், கெர்னல் நிரலாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக்கின் பேட்சில் ஐடிஇ அடைவு முழுதாகப் போனது.