பாடம் செய்யப்பட்ட விலங்குகளின் மனித வேடம்: இங்கிலாந்தில் ஒரு காட்சி மரபு, 1851–2010

விலங்குக்கு மனிதக் கோலம் தரும் கலை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டு வாசல்கள் வழியே பொதுமக்களிடம் வந்தது. ஒன்று ஓவியம். பூடில் நாய் நீதிபதியாக வீற்றிருக்கும் வழக்குமன்றக் காட்சியை எட்வின் லாண்ட்சீர் 1840இல் லண்டன் ராயல் அகாடமியில் வைத்தார். அது டெவன்ஷர் கோமகனின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் இடம்பெற்றது. மற்றொன்று, உண்மையான தோலையும் இறகையும் கொண்டே பாடம் செய்யப்பட்ட உருவங்கள். இவற்றைக் காண மக்கள் ஒருபோதும் தயங்கவில்லை. கலை நிறுவனங்கள்தாம் தயங்கின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1851இல் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு ஏறத்தாழ 60 லட்சம் பேர் வந்தனர். எண்ணெய் ஓவியங்களை அங்கே கலைப்படைப்பாக ஏற்கவில்லை; தொழில்திறனுக்கே முதலிடம். அதனால்தான் ஷ்டுட்கார்ட் நகரின் ஹெர்மன் ப்ளூக்கே பாடம் செய்த நரிகளும் பூனைக்குட்டிகளும் தவளைகளும் உள்ளே வர முடிந்தது. கெத்தேயின் நரிக் காவியத்துக்கு வில்ஹெல்ம் ஃபான் கவுல்பாக் வரைந்த படங்களையே அவர் சில காட்சிகளுக்கு மாதிரியாகக் கொண்டார். அந்த ஆண்டே அவருடைய உருவங்களைச் சித்திரங்களாக்கி ஒரு நூலும் லண்டனில் வெளிவந்தது. ஓவியத்துக்கு அடைத்த கதவு இவற்றுக்குத் திறந்தது உண்மைதான். ஆனால் கைவினை என்ற பெயரும் அப்போதே ஒட்டிக்கொண்டது.

சசெக்ஸின் பிராம்பர் கிராமத்தில் சத்திரக்காரரின் மகனாக 1835இல் பிறந்த வால்டர் பாட்டர் இம்மரபை வேறொரு தளத்துக்குக் கொண்டுபோனார். ராபின் பறவையின் சாவைப் பாடும் குழந்தைப் பாடலை அவர் ஏறக்குறைய நூறு பறவைகளால் இறுதி ஊர்வலமாக்கினார். வேலை முடிய ஏழு ஆண்டுகள் ஆயின. துக்கத்தில் வரும் பறவைகளின் கண்களில் கண்ணாடித் துளிகள் நிற்கின்றன. 1861இல் சத்திரத்தின் தோட்ட வீட்டில் இது காட்சிக்கு வந்தது. அப்பகுதிக்கு ரயில் வந்ததும் அதே ஆண்டுதான். 1880இல் அருங்காட்சியகமாகத் தனிக் கட்டடமே எழுந்தது.

பின்னர் அவர் செய்தவற்றைக் குழந்தை வேடிக்கை என்று ஒதுக்குவது பெரும் பிழை. முயல்கள் பலகையோடு குனிந்திருக்கும் கிராமப் பள்ளி, பட்டாடை அணிந்த பூனைக்குட்டிகளின் திருமணம், அணில் கனவான்கள் ஓய்வாகக் கூடியிருக்கும் மன்றம், எலிகளின் சூதாட்ட விடுதிக்குள் எலிப் போலீசார் புகும் காட்சி ஆகியவற்றை வரிசையாகப் பார்த்தால் விக்டோரிய சமூகத்தின் படிநிலை முழுவதும் தெரிகிறது. அணில் மன்றத்தையும் எலி விடுதியையும் இணைக் காட்சிகளாகவே அவர் அமைத்தார். மேல்தட்டின் சோம்பல் மரியாதை பெறுகிறது, கீழ்த்தட்டின் பொழுதுபோக்கு கைதாகிறது. லாண்ட்சீரின் நீதிபதி நாய்க்குள்ள கூர்மை இதில் குறைவென்று எந்த அளவுகோலால் சொல்வது?

பாட்டர் 1918இல் மறைந்தார். 1970களில் பிராம்பரை விட்டுக் கிளம்பிய தொகுப்பு, பல ஊர்களைக் கடந்து கார்ன்வாலின் ஜமைக்கா இன் விடுதியை அடைந்தது. அதற்குள் பார்வையாளரின் மனமும் மாறியிருந்தது. பூனைக்குட்டிகள் எப்படி இறந்தன என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. கேட்க வேண்டிய கேள்வியே. அண்டைப் பண்ணைகளில் தேவையில்லையென அழிக்கப்பட்ட குட்டிகளே பயன்பட்டன என்பது அருங்காட்சியகம் அளித்த விளக்கம்.

2003 செப்டம்பரில் பான்ஹாம்ஸ் நிறுவனம் அந்த விடுதியிலேயே தொகுப்பை ஏலம் விட்டது. சிதறவிடாமல் காக்கப் பத்து லட்சம் பவுண்டு தரத் தயாராக இருந்ததாகக் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் பகிரங்கமாகவே எழுதினார். ஆனாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாக விற்கப்பட்டது. மொத்தம் கிடைத்தது சுமார் ஐந்து லட்சம். ராபின் ஊர்வலம் மட்டும் 20,000 பவுண்டுக்கு மேல் போனது.

ஏழே ஆண்டுகளில், 2010இல், லண்டன் பிரிம்ரோஸ் ஹில்லில் பாப் கலையின் முன்னோடி பீட்டர் பிளேக் அமைத்த கண்காட்சியில் பாட்டரின் காட்சிப் பேழைகள் சமகாலக் கலை ரசிகர்கள் முன் நின்றன. அவற்றை அங்கே கொண்டுவர, ஒரே தொகுப்பாக நூறாண்டுக்கு மேல் இருந்தவற்றை வெவ்வேறு உடைமையாளர்களிடம் தேட வேண்டியிருந்தது.