பேரு வைக்கப் போறீங்களா?

போன வாரம் திருமங்கலத்துல இருந்து நண்பன் போன் பண்ணினான்.

"மாப்ள, செக்கு எண்ணெய் யாவாரம் ஆரம்பிக்கப் போறேன். நச்சுனு ஒரு பேரு சொல்லுடா. ஃபாரின் ஐட்டம் மாதிரி இருக்கணும்."

அவங்கப்பா முப்பது வருசமா எண்ணெய்க் கடை வச்சிருக்கார். ஊர்ல எல்லாருக்கும் அவர் இனிஷியல்தான் கடையோட பேரு. பையனுக்கு அது பழைய பஞ்சாங்கமாம்.

ஆபீஸ்ல ஆணி புடுங்குற எனக்கு யாவாரம் என்ன தெரியும்? ஆனா மதுரையில பொறந்த ரெண்டு பேருங்களோட கதை தெரியும்.

முதல் கதை அவன் கட்சி. லூயி ஃபிலிப்ங்கிறது 1830ல இருந்து 1848 வரைக்கும் பிரான்சை ஆண்ட ராஜா பேரு. அதைச் சட்டைக்கு வச்சு 1989ல இங்க இறக்கினது மதுரா கார்மென்ட்ஸ். அந்த 'மதுரா' நம்ம ஊருதாங்க! ஸ்காட்லாந்துக்காரங்களான ஹார்வி சகோதரர்கள் மதுரை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல ஆரம்பிச்ச மதுரா மில்ஸ், 1974ல மதுரா கோட்ஸ் ஆச்சு. அங்க இருந்து வந்ததுதான் இந்த கார்மென்ட்ஸ். ஊர்ப் பேரு கம்பெனிக்கு, ராஜா பேரு காலருக்கு. நல்லாவே வித்துச்சு, இல்லைன்னு சொல்லல.

ரெண்டாவது கதை டிவிஎஸ். திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் அய்யங்கார், 1877ல பொறந்தவர். வக்கீல் வேலை, ரயில்வே, பேங்க் எல்லாம் பாத்துட்டு, 1911ல மதுரையில பஸ் தொழில்ல இறங்கினார். பேருக்காக மண்டையக் குடையல. ஊரு, அப்பா, தன் பேருன்னு மூணு எழுத்து, அவ்ளோதான். டிவிஎஸ் பஸ்ஸப் பாத்து கடிகாரத்துல மணி திருத்துவாங்கன்னு எங்க தாத்தா காலத்து ஆளுங்க இன்னைக்கும் சொல்லுவாங்க.

1972ல அரசாங்கம் அந்த பஸ்களை எடுத்துக்கிட்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆரம்பிச்சுது. பஸ் போச்சு, பேரு போகல. 1980ல ஓசூர்ல இருந்து ஒரு மொபெட் வந்தப்போ அதே மூணெழுத்தோட ஒரு 50 சேத்தாங்க. டிவிஎஸ் 50! பால் கேனும் வாழைத்தாரும் ஏத்திக்கிட்டு அது போகாத கிராமம் உண்டா?

மூணெழுத்துக்குன்னு தனியா ஒரு அழகும் கிடையாது. நேரத்துக்கு வந்த பஸ்தான் அதுக்கு அர்த்தம் குடுத்துச்சு. பிரெஞ்சு ராஜாவ ஊருக்கு அறிமுகப்படுத்த விளம்பரத்துக்கு காசு வேணும். நண்பன்கிட்ட காசு இல்ல. அப்பாவோட முப்பது வருசம் இருக்கு.

இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

"அது சரி மாப்ள. எண்ணெய் கெட்டுப்போனா எங்கப்பாவையில்ல திட்டுவாங்க?"

"அதுக்குத்தான்டா அவர் பேர வைக்கச் சொல்றேன்."