நாள் கணக்கும் கோடிக் கணக்கும்

'வசூல்' என்ற சொல் நம்மிடம் வந்து சேர்ந்த கதை வேடிக்கையானது. அரபியில் பிறந்து, பாரசீகத்தின் கைப்பிடித்து, நவாபுகளின் கச்சேரிக்குள் நுழைந்து, நிலவரித் தண்டலோடு ஊர் ஊராகச் சுற்றிய சொல் அது. வசூலுக்கு ஆள் வருகிறது என்றால் குடியானவனுக்கு வயிற்றைக் கலக்கும். அப்பேர்ப்பட்ட சொல்லின் பின்னால் 'சக்கரவர்த்தி' என்று ஒட்டவைத்து, ஒரு நடிகருக்குப் பட்டமாகச் சூட்டி மகிழ்ந்தவர்கள் நாம்.

மளிகைக் கடையில் சாமான் வாங்குகிறவர் எவரும், "எங்கள் கடைக்காரருக்கு இந்த மாதம் கொள்ளை லாபம், எதிர்க் கடைக்காரருக்குப் போட்ட முதலே வரவில்லை" என்று வீதியில் நின்று வெடி வெடிப்பதில்லை. சினிமாவில் மட்டும் அது நடக்கிறது. பணம் கொடுக்கிறவர் ரசிகர். வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்கிறவர் முதலாளி. ஆனால் பெட்டி நிறைந்தது என்று ஆர்ப்பரிப்பவர் கொடுத்தவர்! இந்த விநோதமான பந்தயம் எப்படி ஆரம்பித்தது, எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்று சற்றுப் பார்க்கலாம்.

1937-ஆம் வருஷம் 'சிந்தாமணி' வெளிவந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த படம். ஒரு வருஷத்துக்கும் அதிகமாக ஓடியது. எடுத்தவர்கள் அதில் கிடைத்த லாபத்தைக் கொண்டு மதுரையில் ஒரு கொட்டகை கட்டி, அதற்கும் சிந்தாமணி என்றே பெயர் சூட்டினார்கள். ஒரு படத்தின் வெற்றியைச் சுண்ணாம்பும் செங்கல்லுமாக ஊர் நடுவில் நிறுத்திக் காட்டியாயிற்று. அதைப் பார்த்த அபிமானிக்கு அதில் தன் பங்கும் ஒரு செங்கல்லாவது இருக்கும் என்று தோன்றியிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

ஏழு வருஷம் கழித்து, 1944 தீபாவளிக்கு, 'ஹரிதாஸ்' வந்தது. சென்னை பிராட்வே கொட்டகையில் அது மூன்று தீபாவளி கண்டது. இந்த ஒரு விஷயம் தமிழ்நாட்டில் படம் பார்க்கத் தெரிந்த எல்லோருக்கும் பாடம். இதன் மறுபக்கத்தைத்தான் சிலர் மறந்துவிடுகிறார்கள். படம் வெளியான சில வாரங்களுக்குள் லட்சுமிகாந்தன் கொலை நடந்தது. அவ்வருஷ முடிவுக்குள் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-இல் தண்டனை, 1947-இல்தான் விடுதலை. ஆகவே இரண்டாவது தீபாவளியும் மூன்றாவது தீபாவளியும் பிராட்வேயில் படம் கண்டபோது, படத்தின் நாயகர் சிறையில் இருந்தார். வெளியே வந்து அவர் நடித்த 'ராஜமுக்தி' 1948-இல் வெளியாகித் தோற்றது. கொட்டகையில் படம் ஓடுவது ஒன்று, மனிதனுடைய வாழ்வு ஓடுவது வேறொன்று என்பதற்கு இதைவிட உருக்கமான சாட்சி நம் சினிமாச் சரித்திரத்தில் இல்லை.

படங்கள் அந்தக் காலத்தில் அப்படி நீண்டு ஓடியதற்குக் கலை மட்டும் காரணமல்ல. உலக யுத்தத்தில் கச்சாப் பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. புதுப் படங்கள் குறைந்தன. எடுத்த படத்துக்கும் சில பிரதிகளே போட்டார்கள். அந்தப் பிரதிகள் முதலில் பட்டணங்களில் ஓடி, பிறகு சிற்றூர்களுக்குப் போய், கடைசியில் மேலெல்லாம் கீறல் விழுந்து டூரிங் கொட்டகைக்கு வந்து சேரும். ஒரு நகரத்தில் ஒரு கொட்டகை அல்லது இரண்டு. அங்கே போனால்தான் படம். நாள் கணக்கு பிறந்தது இப்படித்தான்.

இந்த நாள் கணக்கில் ரசிகனுக்குக் கை வைக்க ஓர் இடம் இருந்தது. அதுதான் முக்கியம். விநியோகஸ்தரும் கொட்டகைக்காரரும் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசிக்கொள்வார்கள். 'ஹோல்ட் ஓவர்' என்று அதற்குப் பெயர். வசூல் அதற்குக் கீழே இறங்கினால் படத்தைத் தூக்கிவிடலாம். எண்பது, தொண்ணூறு நாளில் படம் தள்ளாட ஆரம்பிக்கும்போது அபிமானிகள் கூட்டம் சேர்த்துக்கொண்டு டிக்கெட் வாங்குவார்கள். பார்த்த படத்தையே பத்தாம் முறையும் பார்ப்பார்கள். பார்க்காமலே டிக்கெட்டைக் கிழித்துப் போட்டவர்களும் உண்டு. பழைய போஸ்டரின் மேல் '75-வது நாள்', '100-வது நாள்' என்று துண்டுக் காகிதம் ஏறும். வாசலில் தோரணம் கட்டுவார்கள். நூறு நாள் என்றால் விழா. இருபத்தைந்து வாரம் என்றால் வெள்ளி விழா.

பாகவதருக்கும் பி. யு. சின்னப்பாவுக்கும் தனித்தனி அபிமானிகள் இருந்தார்கள். ஆனால் இந்தப் பந்தயத்துக்குச் சட்ட திட்டமெல்லாம் ஏற்பட்டது எம். ஜி. ஆர்., சிவாஜி காலத்தில்தான். இருவரும் சேர்ந்து நடித்தது ஒரே படம், 1954-இல் வந்த 'கூண்டுக்கிளி'. அது எடுபடவில்லை. இரண்டு சேவலை ஒரே கூண்டில் அடைத்தால் பந்தயம் ஏது? அதன் பிறகு அவர்கள் எதிரெதிரே நின்றபோதுதான் ஊர் களை கட்டியது.

1964 தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எம். ஜி. ஆரின் 'படகோட்டி'யும், சிவாஜியின் 'நவராத்திரி', 'முரடன் முத்து' இரண்டும் வெளியாயின. சிவாஜி படங்கள் இரண்டில் எது அவருடைய நூறாவது படம் என்று உள்ளுக்குள்ளேயே ஒரு போட்டி. அந்தப் பெருமை 'நவராத்திரி'க்குப் போயிற்று. 'முரடன் முத்து'வை எடுத்தவர் பி. ஆர். பந்துலு. 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கர்ணன்' என்று சிவாஜியை வைத்துப் பெரிய பெரிய படங்களாக எடுத்தவர். அவர் மனம் நொந்து எதிர் முகாமுக்குப் போய், 1965-இல் எம். ஜி. ஆரை வைத்து 'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்தார். எண்ணிக்கை என்கிற பேய் ரசிகர்களை மட்டுமா பிடித்தது!

பந்தயத்தின் தலைநகரம் மதுரை. 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் கொட்டகையில் 2,500-க்கு மேல் ஆசனங்கள். ஆசியாவிலேயே பெரியது என்று ஊரார் மார்தட்டுவார்கள். அங்கே ஒரு படம் நூறு நாள் ஓடுவதும், எண்ணூறு ஆசனக் கொட்டகையில் நூறு நாள் ஓடுவதும் ஒன்றாகுமா? 'ஆகாது' என்று ஒரு கட்சி. 'நாள் என்றால் நாள்தான்' என்று மற்றொரு கட்சி. தினம் மூன்று காட்சியா, பகல் காட்சி மட்டுமா, தொடர்ந்து எத்தனை காட்சி ஹவுஸ்புல், இடையில் கொட்டகை மாற்றினார்களா என்று, ஹைகோர்ட்டு வக்கீல்கள் தோற்கும்படி டீக்கடையில் வாதம் நடக்கும். தன் நடிகர் படம் விழுந்தால் மண்குடம்; எதிராளியின் படம் விழுந்தால் பொன்குடம்.

இவர்கள் யார்? 1980-களில் மதுரையில் தங்கி ஆராய்ச்சி செய்த சாரா டிக்கி என்ற அமெரிக்கப் பெண்மணி, ரசிகர் மன்றங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் நகரத்து ஏழை வாலிபர்கள் என்று எழுதினார். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க்கு, ஆபீசில் பதவி உயர்வு, தேர்தலில் டிக்கெட் என்று உலகம் நடத்துகிற பந்தயங்களில் எதிலும் அவர்கள் பெயர் கொடுக்க முடியாது. அவர்கள் கொடுக்கும் நாலணாவுக்கு மதிப்பு இருந்த இடம் ஒன்றே ஒன்று. தரை டிக்கெட்காரன் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தாலும், நூறாவது நாள் பால்கனிக்காரருக்கு வந்த அதே தேதியில்தான் அவனுக்கும் வந்தது. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லி நகருகிறவர்கள், வேறு எந்த வெற்றியை அவனுக்குக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த உற்சாகத்தின் பலத்தை அரசியல்வாதிகளும் கண்டார்கள். 1972 அக்டோபரில் எம். ஜி. ஆர். தனிக் கட்சி தொடங்கினார். 1973 மே 11-ஆம் தேதி 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியாயிற்று. மே 20-இல் திண்டுக்கல் இடைத் தேர்தல். படமும் வென்றது, அவர் கட்சியின் மாயத்தேவரும் வென்றார். டிக்கெட் வரிசையும் ஓட்டு வரிசையும் ஒன்றே என்று அன்று பலர் முடிவு கட்டினார்கள். ஆனால் 1988-இல் சிவாஜியும் ஒரு கட்சி தொடங்கினார். 1989 தேர்தலில் திருவையாற்றில் அவரே தோற்றார். ஓட்டு போடும் கைக்கு வேறு கணக்கு உண்டு என்பதும் தெரிந்தது.

பிறகு காலம் மாறியது. பிலிம் பெட்டி போய், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கொட்டகைகளில் படம் திரையிடும் வசதி வந்தது. எல்லா ஊருக்கும் முதல் நாளே படம் வந்துவிட்டால், நூறு நாள் காத்திருக்க யார் மிச்சம்? 2005-இல் வந்த 'சந்திரமுகி' சென்னை சாந்தி கொட்டகையில் 800 நாளைத் தாண்டி ஓடி, பழைய 'ஹரிதாஸ்' கணக்கைக் கடந்தது. சாந்தி கொட்டகை அன்று, படத்தை எடுத்த சிவாஜி குடும்பத்தாருக்கே சொந்தமாக இருந்தது. நாள் கணக்கின் கடைசிப் பெருவிளக்கு அது.

கோடிக் கணக்கு வந்தது வடக்கிலிருந்து. 2008-இல் ஹிந்தி 'கஜினி' நூறு கோடியைத் தொட்டது என்று பம்பாயில் கொண்டாடினார்கள். அதன் மூலம் 2005-இல் வந்த தமிழ்ப் படம். கதையை நாம் அனுப்பினோம்; கணக்கை அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். இன்று முதல் நாள் எத்தனை கோடி, மூன்று நாளில் எத்தனை கோடி என்பதுதான் பேச்சு.

வெறும் அலகு மாறியதாக இதை நினைக்கக்கூடாது. நாளுக்கு நடுவர் இருந்தார். சுவரில் தொங்கும் நாட்காட்டிதான் அது. படம் கொட்டகையில் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்பதைப் பஸ்ஸில் போகிறவனும் பார்த்துக்கொள்ளலாம். கோடிக்கு அப்படி நடுவர் இல்லை. பிரான்சில் சினிமாவுக்கென்று ஓர் அரசு ஸ்தாபனம் இருக்கிறது. 1946-இல் ஏற்பட்டது. அங்கே படத்தின் வெற்றியைப் பணத்தில் சொல்வதில்லை. எத்தனை பேர் டிக்கெட் வாங்கினார்கள் என்று தலை எண்ணிச் சொல்கிறார்கள். தென் கொரியாவிலும் அப்படியே. நம் நாட்டில் அத்தகைய பொதுக் கணக்கு கிடையாது. படம் எடுத்தவர் ஒரு தொகையை விளம்பரம் செய்வார். வியாபாரம் தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்பவர் இன்னொன்று சொல்வார். ஆடுகிறவரே புள்ளி போட்டுக்கொள்ளும் ஆட்டத்தில் தோற்கிறவர் யார்?

இன்னொன்றும் உண்டு. கோடிக் கணக்கில் ஆயிரம் ரூபாய் டிக்கெட் ஒன்று, நூறு ரூபாய் டிக்கெட் பத்துக்குச் சமம். விலை ஏற ஏற வெற்றி பெரிதாகிறது. ஆகவே, தன் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்த தொகை பெரிதாக இருந்ததற்காக ரசிகனே கைதட்டுகிறான். தரை டிக்கெட்காரனுக்கு இந்தப் பந்தயத்தில் இடமில்லை. அவன் கொண்டுவந்த ஆட்டம் அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

2023 ஜனவரி 11-ஆம் தேதி அஜித் நடித்த 'துணிவு', விஜய் நடித்த 'வாரிசு' இரண்டும் ஒரே நாளில் வெளியாயின. யாருக்கு அதிகக் கொட்டகை என்று வாரக்கணக்கில் தர்க்கம் நடந்திருந்தது. நள்ளிரவு தாண்டியும் அதிகாலையிலும் காட்சிகள் வைத்தார்கள். கோயம்பேட்டில் ஒரு கொட்டகைக்கு எதிரே கொண்டாடிய கூட்டத்தில், 19 வயது இளைஞர் ஒருவர் மெதுவாகப் போன லாரியின் மேல் ஏறி ஆடினார். கீழே குதித்தபோது அடிபட்டு இறந்தார். அன்று எந்தப் படம் எத்தனை கோடி என்று இன்றைக்கும் இரு தரப்பும் வாதாடலாம். அந்த வீட்டில் போன கணக்கில் வாதத்துக்கு இடமில்லை.

பழைய பந்தயம் மட்டும் புண்ணியமானது என்று சொல்ல வரவில்லை. அந்நாளிலும் போஸ்டரில் சாணி அடித்தார்கள், மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஆனால் நாளை எண்ணியவன், ஒரு படத்தை ஊர் எத்தனை காலம் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதையும் சேர்த்தே எண்ணினான். கோடியை எண்ணுகிறவன் முதல் மூன்று நாளின் அவசரத்தை எண்ணுகிறான். நாலாவது நாள் படம் நன்றாயிருந்ததா என்று கேட்டால், அது வேறு விஷயம் என்பான்.

2012-இல் 'கர்ணன்' படத்தைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். சென்னையில் நூறு நாளைத் தாண்டியது. 2014-இல் 'ஆயிரத்தில் ஒருவ'னையும் அவ்வாறே புதுப்பித்து வெளியிட்டார்கள்; அது வெள்ளி விழாக் கண்டது. எம். ஜி. ஆர். மறைந்தது 1987-இல், சிவாஜி 2001-இல். இரண்டு படத்தையும் எடுத்த பந்துலு 1974-இலேயே போய்விட்டார். நரைத்த தலையோடு வந்த ரசிகர்கள் கொட்டகை வாசலில் கட்-அவுட்டுக்கு மாலை போட்டு, இது எத்தனையாவது நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். எத்தனை கோடி என்று அவர்கள் கேட்கவில்லை.