லாரன்ஸ், சகோதரர்

லாரன்ஸ், சகோதரர் (சுமார் 1614–1691): பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கத் துறவி. அன்றாட வேலையிலேயே இறைவனோடு வாழும் மகிழ்ச்சியைக் கண்டவர். இயற்பெயர் நிக்கோலா எர்மான். லொரேன் பகுதியில் பிறந்தார். பதினெட்டாம் வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற மரமொன்று மீண்டும் துளிர்க்கும் என்ற எண்ணமே இறைவனின் வல்லமையை அவருக்கு உணர்த்தியது. முப்பதாண்டுப் போரில் படைவீரராக இருந்து காலில் காயமுற்றார்.

பின்னர் பாரிஸில் உள்ள கார்மேல் மடத்தில் குருப்பட்டம் பெறாத சகோதரராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு வேலை. அதில் அவருக்கு இயல்பான நாட்டம் இல்லை. ஆயினும் பல ஆண்டுகள் அதை மனமுவந்து செய்தார். பிற்காலத்தில் சகோதரர்களின் காலணிகளைச் செப்பனிட்டார். ஜெப நேரத்தையும் வேலை நேரத்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. சிறு செயலையும் இறையன்புக்காகச் செய்தார்.

இறைவனோடு வாழும் இந்த மகிழ்ச்சி எளிதில் வாய்த்ததன்று. மட வாழ்வின் முதல் பத்தாண்டுகள் தம் பாவங்களை நினைத்துக் கடும் மன வேதனையில் கழிந்தன என்று அவரே கடிதத்தில் குறித்துள்ளார். தம்மை முழுவதும் இறைவனிடம் ஒப்படைத்த பிறகே ஆழ்ந்த அமைதி பெற்றார்.

அவர் மறைந்த பின், அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் ஜோசப் டி போஃபோர் என்ற குரு தொகுத்து நூலாக வெளியிட்டார். கத்தோலிக்கர், புரொட்டஸ்டண்டினர் ஆகிய இரு சாராரும் அந்நூலை இன்றும் பக்தி நூலாகப் போற்றிப் படிக்கின்றனர்.