உயர் என்ட்ரோபி உலோகக்கலவைகளின் லேசர் பற்றவைப்பு

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்கள் ஏறத்தாழச் சம அளவில் கலந்த உலோகத் துண்டுகளை, லேசர் கற்றையால் உருக்கி இணைக்கும் முறை இது. எஃகில் இரும்பும் பித்தளையில் செம்பும் மேலோங்கி நிற்கின்றன; உயர் என்ட்ரோபி உலோகக்கலவையில் அவ்வாறு மேலோங்கும் தனிமம் எதுவும் இல்லை. அணுக்கள் ஒழுங்கின்றிக் கலப்பதால் உயரும் என்ட்ரோபியே இப்பெயருக்குக் காரணம்.

இக்கலவைகளின் வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரையன் கேன்டரின் மாணவரான அலெய்ன் வின்சென்ட், 1981-இல் பல தனிமங்களைச் சம அளவில் கலந்து உருக்கினார். இருபது தனிமக் கலவை நொறுங்கும் தன்மையோடு பல கட்டங்களாகப் பிரிந்தது. குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகிய ஐந்தும் சேர்ந்த கலவையோ முகப்பு மையக் கனசதுர அமைப்புடைய ஒரே கட்டமாக உறைந்தது. இதுவே இன்று கேன்டர் கலவை எனப்படுகிறது. இம்முடிவுகள் 2004-இல்தான் அச்சேறின. அதே ஆண்டில் தைவானின் யே ஜியென்-வெய் இவ்வகைக் கலவைகளுக்கு ‘உயர் என்ட்ரோபி’ என்ற பெயரைச் சூட்டினார். அப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் இருந்த பி.எஸ். மூர்த்தியும், யே, எஸ். ரங்கநாதன் ஆகியோரும் இணைந்து எழுதிய நூல் 2014-இல் வெளிவந்தது. கேன்டர் கலவை −196 டிகிரி செல்சியசிலும் முறிவை நன்கு தாங்குகிறது என்பது அதே ஆண்டில் தெரியவந்தது. கடுங்குளிர்க் கலன்களுக்கு ஏற்ற உலோகமாக இது கருதப்பட்டது. அதனால் இதைப் பற்றவைக்க முடியுமா என்ற கேள்வியும் முன்னுக்கு வந்தது.

லேசரின் வரலாறு இதைவிட மூத்தது. 1960-இல் தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கினார். 1964-இல் பெல் ஆய்வகத்தில் இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல் கார்பன் டைஆக்சைடு லேசரை உருவாக்கினார். பின்னர் வந்த ஒளியிழை லேசர்களின் குறுகிய அலைநீளத்தை உலோகங்கள் கூடுதலாக உட்கவர்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் பத்து லட்சம் வாட் என்ற அளவில் ஆற்றல் குவியும்போது உலோகம் ஆவியாகி, ஆழமான குறுந்துளை உண்டாகிறது. கற்றை நகர, துளையைச் சூழ்ந்த உருகிய உலோகம் பின்னால் உறைந்து குறுகிய, ஆழமான இணைப்பாகிறது.

கேன்டர் கலவை எலக்ட்ரான் கற்றையால் விரிசலின்றி இணைவதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2018 முதல் லேசர் பற்றவைப்பு பற்றிய ஆய்வுகள் வெளிவரலாயின. வார்ப்பு உலோகத்தைப் பற்றவைக்கும்போது, விரைந்து உறையும் இணைப்பில் நுண்ணிய கிளைப்படிகங்கள் தோன்றுவதால் அது மூல உலோகத்துக்கு நிகரான வலிமை பெறுகிறது. உருட்டி நுண்மணிகளாக்கிய தகட்டிலோ நிலை மாறுகிறது. இணைப்பில் மணிகள் பெரிதாகிவிடுவதால் வலிமை குறைகிறது.

சம அளவுக் கலப்பு குலைவதே பற்றவைப்பின் முதல் இடர். மாங்கனீசு 2,061 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது; இரும்பு 2,862 டிகிரியில்தான் கொதிக்கிறது. எனவே குறுந்துளையில் மாங்கனீசு முந்தி ஆவியாகிறது. உறையும்போது கோபால்ட், குரோமியம், இரும்பு ஆகியவை கிளைப்படிகத்தின் நடுவிலும், மாங்கனீசும் நிக்கலும் கிளைகளின் இடைவெளியிலும் மிகுகின்றன. செம்பு மிகுந்த கலவைகளில் கடைசியாக உறையும் திரவத்தில் செம்பு சேர்ந்து விரிசலுக்கு வழி செய்கிறது. அலுமினியம் மிகும்போது கடினமான, நொறுங்கக்கூடிய கட்டங்கள் தோன்றுகின்றன.

இவ்விடர்களைக் குறைக்கப் பல வழிகள் உள்ளன. கற்றையின் திறனையும் வேகத்தையும் பொருத்தி, உலோகம் ஏற்கும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தலாம். ஆர்கான் வாயு உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கிறது. விரிசலுக்கு இடந்தரும் கலவைகளை முன்கூட்டிச் சூடாக்கினால் அவை மெதுவாகக் குளிர்ந்து இழுவிசை தணிகிறது. பற்றவைத்த பின் செய்யும் வெப்பப் பதனம், பிரிந்து நின்ற தனிமங்களை ஓரளவு மீண்டும் சமன்படுத்துகிறது.

ஆக, இக்கலவைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே பற்றவைப்பு விதி இல்லை. கேன்டர் கலவை எளிதில் இணைகிறது. அலுமினியமோ செம்போ மிகுந்தவை மிகுந்த கவனம் கோருகின்றன. கலவையில் உள்ள தனிமங்களே பற்றவைக்கும் முறையைத் தீர்மானிக்கின்றன.