ஒபாமா ஜெயிச்சார்... மனசு மாறுச்சா?

2008 நவம்பர் 4 ராத்திரி. பராக் ஒபாமா ஜெயிச்சுட்டார். சிகாகோ கிராண்ட் பார்க் கூட்டத்தில் பலர் கண்ணீர் விட்டார்கள். அடிமைமுறை இருந்த நாட்டுக்கு ஒரு கறுப்பர் அதிபர். இனவெறி முடிஞ்சுதுன்னுகூட சிலர் பேச ஆரம்பிச்சாங்க. நிஜமாவே ஜனங்க மனசு மாறுச்சா? அதை அளக்கப் பார்த்த கதைதான் இந்த எபிசோட்.

நேரா கேட்டா, 'எனக்குப் பாகுபாடு உண்டு'ன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அதற்காக ஆந்தனி கிரீன்வால்டும் சகாக்களும் 1998-ல் ஐ.ஏ.டி. என்ற சோதனையை வெளியிட்டார்கள். திரையில் கறுப்பர், வெள்ளையர் முகங்களும் நல்ல, கெட்ட வார்த்தைகளும் மாறி மாறி வரும். ஒரு சுற்றில் கறுப்பர் முகத்துக்கும் நல்ல வார்த்தைக்கும் ஒரே பட்டன். அடுத்த சுற்றில் வெள்ளையர் முகத்துக்கும் நல்ல வார்த்தைக்கும். எதில் கை தயங்குதுன்னு மில்லிசெகண்டில் அளப்பாங்க. கோட் எழுதுறவங்க பாஷையில சொன்னா, மனசுக்கு ஒரு லேட்டன்சி டெஸ்ட்.

2001-லேயே நீலாஞ்சனா தாஸ்குப்தாவும் கிரீன்வால்டும் ஒன்று கண்டிருந்தார்கள். மதிக்கப்படும் கறுப்பர்களின் படங்களையும் வெறுக்கப்படும் வெள்ளையர்களின் படங்களையும் காட்டினால், அந்தச் சாய்வு குறையுது. 24 மணி நேரம் கழிச்சும் குறைவாவே இருந்தது. அப்போ, தினமும் டிவியில் தெரியும் ஒபாமா?

2009-ல் ஆஷ்பி பிளான்ட் குழு, கல்லூரி மாணவர்களிடம் சாய்வு முன்பைவிடக் குறைவா இருக்குன்னு சொல்லி, அதற்கு 'ஒபாமா எஃபெக்ட்'னு பேர் வெச்சாங்க. ஆனா 2010-ல் ஷ்மிட்டும் நோசெக்கும் பெரிய டேட்டாவை எடுத்தார்கள்: 2006 முதல் 2009 வரை 4,70,000-க்கும் மேற்பட்டோர். பிரசாரம், வெற்றி, பதவியேற்பு எல்லாம் நடந்தும், கோடு கிட்டத்தட்ட அசையவே இல்லை.

இன்னொரு ஆய்வுதான் என்னை ரொம்ப உறுத்துது. 2009, ஸ்டான்ஃபோர்ட். ஒபாமாவை ஆதரிக்கிறேன்னு சொல்ல வாய்ப்பு கிடைச்சவங்க, அதுக்கப்புறம் ஒரு வேலை வெள்ளையருக்குத்தான் பொருத்தம்னு சொல்ல அதிகம் துணிஞ்சாங்க. நல்லவன்னு நிரூபிச்சாச்சு, இனி என்ன?

அதுக்காக மனசு மாறவே மாறாதுன்னு இல்லை. டெஸ்ஸா சார்ல்ஸ்வொர்த்தும் மஹ்சரின் பனாஜியும் 2007 முதல் 2016 வரை பார்த்தப்போ, இனச்சாய்வு சுமார் 17% குறைஞ்சிருந்தது. மெதுவா, பத்து வருஷத்தில்.

ஒரு தலைவரைக் கொண்டாடுறது சுலபம். அவர் விதிவிலக்குன்னு ஒதுக்கி வெச்சுட்டு, மத்தவங்களைப் பழையபடியே பார்க்கலாம். பக்கத்து நாற்காலி இன்டர்வியூவில் அவங்க வந்து உட்காரும்போது நம்ம கை தயங்குதான்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.